வெயில் பங்கு

அந்தக் குடியிருப்பில் வெயிலைத் தண்ணீர் லாரியை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள்.

"உங்க லைனுக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா. மேல பன்னெண்டுலயே நிக்குது."

வந்தால் ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடும்.

இதற்குக் காரணம் ஒரு கட்டட விதி. முன்பெல்லாம் ஒரு கட்டடம் எவ்வளவு உயர்கிறதோ அதற்கேற்ப அடுத்த கட்டடத்தோடு இடைவெளி விட வேண்டும். கடல் உள்ளே வந்து வடசென்னையின் கரையோரக் குப்பங்களை எடுத்துக்கொண்ட பிறகு, அத்தனை குடும்பங்களையும் பின்னாலிருந்த கொஞ்ச நிலத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. இடைவெளியை நான்கு மீட்டராகக் குறைத்தார்கள். இரண்டு பக்கமும் நாற்பது மாடிச் சுவர், நடுவில் ஒரு சந்து. அதற்கு ஈடாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம் நேரடி வெயில் கிடைக்க வேண்டும். தானாக வராவிட்டால் வரவழைக்க வேண்டும்.

வரவழைத்தார்கள். மொட்டைமாடி முழுவதும் கண்ணாடிகள் நின்றன. அவை சூரியனைப் பின்தொடர்ந்து வெயிலைச் சந்துக்குள் இறக்கி, முறை வைத்து, ஒரு நேரத்தில் நாலைந்து வரிசைகளாக, எல்லா ஜன்னலுக்குள்ளும் அனுப்பின. ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் பொட்டு அளவில் ஒரு சென்சார். வெயில் பட்டதா இல்லையா என்று அது கட்டட விதிகளைக் கவனிக்கும் ஆணையத்துக்குச் சொல்லும்.

தமயந்தி அந்த ஆணையத்தில் ஒளி அளவையர். இயற்பியல் படித்தவள். பேசுவதைவிட அளப்பது அவளுக்கு எளிது. அவளும் அப்படியொரு கட்டடத்தில்தான், பெரம்பூரில், ஆறாம் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். அவள் வீட்டு வெயில் பகல் பதினொரு மணிக்கு வரும். அந்நேரம் அவள் அலுவலகத்தில் இருப்பாள்; விடுமுறையிலும் ஏதாவது கட்டடத்தில் அளந்துகொண்டிருப்பாள். மூன்று வருடத்தில் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

ஜூன் மாதக் கடைசியில் அவளுடைய மேலதிகாரி கோதண்டபாணி அவளைக் கூப்பிட்டார்.

"நெய்தல் குடியிருப்பு, மூணாவது பிளாக். இருநூறு வீட்டுல வெயில் பூஜ்யம். கண்ணாடி எல்லாம் சரியாத்தான் திரும்புது. என்னன்னு சொல்லு பாப்போம்."

"சென்சார் கெட்டிருக்கலாம் சார்."

"இருநூறும் சேர்ந்தா கெடும்?"

அறையில் இன்னொருவரும் இருந்தார். கண்ணாடிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஆள், பிரணவ். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. அவர் தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். சந்துக்குள் ட்ரோன் எடுத்தது. ஜன்னலுக்கு வந்த வெயில், உள்ளே போகாமல், வந்த வேகத்தில் வெளியே தெறித்துப் போனது. ஒரு ஜன்னலில் அல்ல, வரிசையாக எல்லா ஜன்னலிலும்.

"நாங்க கொடுக்கறோம். அவங்க வெளிய தூக்கிப் போடறாங்க மேடம்," என்றார் பிரணவ். "வேண்டாம்கிறவங்களுக்கு எதுக்கு சார் கட்டாயப்படுத்தி வெயில்? அந்தப் பிரிவையே எடுத்துடச் சொல்லி மனு கொடுத்திருக்கோம். அடுத்த வாரம் விசாரணை. எடுத்துட்டா இங்க கண்ணாடிய நிறுத்திடுவோம். அடுத்து கட்டப்போற ரெண்டாம் கட்டத்துல போடவே வேண்டாம்."

கோதண்டபாணி தமயந்தியைப் பார்த்தார். அந்தப் பிரிவை எழுதியவர் அவர்தான். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு.

"போய்ப் பாத்துட்டு வாம்மா."

*

பதினோராம் மாடியில் கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் சகாயமேரி என்று பட்டியலில் இருந்தது.

"இன்னாம்மா, ஓட்டர் லிஸ்டா?"

"இல்லக்கா. வெயில் அளக்க வந்திருக்கேன்."

"அளந்துக்கோ. அளந்துட்டு எடுத்துக்கினு பூடாத."

கூடம் மங்கலாக இருந்தது. சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. அதன் கதவில் கண்ணாடி இருந்த இடத்தில் நீளமான பசைத் தழும்பு மட்டும் இருந்தது. கண்ணாடி ஜன்னலில் இருந்தது. சைக்கிள் ஃபோர்க் ஒன்றில் பொருத்தி, எந்தப் பக்கமும் சாய்க்கிற மாதிரிச் செய்திருந்தார்கள்.

தமயந்தி கேட்க வாயெடுப்பதற்குள் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சகாயம், வந்துச்சு பாரு!"

மேலிருந்து வெயில் இறங்கியது. ஜன்னல் நிறையப் பளீரென்று நின்றது. சகாயமேரி ஃபோர்க்கை ஒரு விரலால் தட்டினாள். வெயில் கண்ணாடியில் பட்டு, சந்தைக் குறுக்கே கடந்து, எதிரில் நாலைந்து மாடி மேலே எங்கோ போய் விழுந்தது. கூடம் மங்கலாகவே இருந்தது. சுவரில் சென்சார் பொட்டு கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, வெயில் எங்க போகுது?"

"வேலைக்குப் போகுது."

சகாயமேரி அவளை எதிர்ப் பக்கத்துக்கு, மேலே கூட்டிப்போனாள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தமயந்தியின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

பதினைந்தாம் மாடி வீடுகள் இல்லாத தளம். தீப்பிடித்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்கிவந்து நிற்பதற்காக விதிப்படி காலியாக விட்டது. பக்கச் சுவர் கிடையாது, எதையும் வைக்கவும் கூடாது. அங்கே நீல வலைகளின் மேல் நெத்திலி பரப்பியிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வந்த முதல் நெத்திலி. அதன் மேல் வெயில், ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு சதுரமாக வந்து, பக்கம் பக்கமாக ஒட்டிக் கிடந்தது. ஒரு வரிசை ஜன்னல்களின் நேரம் முடிந்து சதுரங்கள் அணைந்தபோது, அடுத்த வரிசையின் சதுரங்கள் அதே இடத்தில் வந்து படுத்தன.

தமயந்தி கருவியை எடுத்து அளந்தாள். கொஞ்சம் சிதறல் இருந்தது. ஆனால் முழு வெயில். காலையிலிருந்து மாலைவரை ஒரே இடத்தில்.

"ஒரு மணி நேரத்துல நெத்திலி காயாதும்மா," என்றாள் சகாயமேரி. "நாறும். வூட்டுக்கு ஒரு மணி வெயில வச்சுக்கினு இன்னா பண்றது? மூஞ்சியக் காட்டிக்கினு நிக்கலாம். அதான் சேத்துட்டோம்."

"யார் சேத்தது?"

"யாரு சேக்கணும்? கடல்ல எப்டியோ அப்டி. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போற ஆளுக்கு ஒரு பங்கு. இங்க வெயிலு குடுக்குற வூட்டுக்கு ஒரு பங்கு. மீன் போட்டவளுக்கு ஒரு பங்கு. காக்கா ஓட்டுறவளுக்கு அரைப் பங்கு."

காக்கா ஓட்டக் கம்போடு நின்ற எஸ்தர் என்ற பெண் திரும்பினாள். "அரைன்றாங்க பாருங்க மேடம். அதையும் எழுதிக்கோங்க. காக்கா முழுசா வருது, பங்கு மட்டும் அரையாம்."

"நீ பாதி நேரம் ஃபோன்ல தான கீற?"

எல்லோரும் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்துவிட்டுப் பிறகு கேட்டாள்.

"எல்லா வீடும் குடுக்கறாங்களா?"

"ஒம்போதுல ரத்னா குடுக்க மாட்டா. அவ வூட்டுக்காரனுக்குக் கைகால் வராது. ஜன்னலாண்ட உக்கார வெப்பா. அந்த ஒரு மணிதான் அவனுக்கு. அது அவ வெயிலு, நாங்க கேக்க மாட்டோம்."

"சதுரத்த ஒண்ணு மேல ஒண்ணு போட்டா இன்னும் சீக்கிரம் காயுமே?"

"போட்டுப் பாத்தோம். மொத நாளு எல்லாரும் ஒரே எடத்துல அடிச்சிட்டாளுங்க. நெத்திலி பொரிஞ்சுபோச்சு. வலையும் பொசுங்கிச்சு."

தமயந்திக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாடிப்படிக் கதவுவரை நடந்தாள். திரும்பி வந்தாள். வலை விளிம்பு கதவை நெருங்கியிருந்தது. கம்புகள் குறுக்கே கிடந்தன.

"அக்கா, இங்க வேண்டாம்."

"இன்னா?"

"இந்த ஒரு எடத்த மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மேல இருபத்தஞ்சு மாடி ஜனம் எறங்கி வந்து நிக்கற எடம். புகையில ஒண்ணும் தெரியாது. வலை கால்ல சுத்தினா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. பொசுங்கினது வலையோட நின்னதும் உங்க நல்ல நேரம்."

எஸ்தர் கம்பை இறக்கினாள். சகாயமேரி குனிந்து கதவுப் பக்கத்து வலையைச் சுருட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள். பாதித் தளம் காலியானது.

"மீதிய எடுக்கணும்னா வேற எடம் காட்டு," என்றாள் சகாயமேரி. "காட்டாம எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேன். இந்த சீசன் போச்சுன்னா நான் கருவாட்டுக் கூடைய கவுத்து வச்சிட்டு வூட்டு வேலைக்குத்தான் போணும்."

தமயந்தி விசாரணையைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிகளே நின்றுபோகலாம் என்றாள். அளவெடுக்கும் ஒரு வாரம் மட்டும் பீரோக் கண்ணாடிகளை எடுத்துவிட்டால் சென்சார் கணக்கில் வீடுகள் தேறிவிடும் என்பதையும் சொன்னாள்.

"ஒரு வாரம் நெத்திலி காத்திருக்குமா?"

"காத்திருக்காது."

"அப்புறம்?"

"எடம் காட்டறேன்," என்றாள் தமயந்தி. சொன்ன பிறகுதான் தன் குரல் அவ்வளவு உறுதியாக வந்தது அவளுக்கே தெரிந்தது.

இறங்கும்போது லிஃப்டை இரண்டாம் தளத்தில் நிறுத்திப் பார்த்தாள். சந்தின் அடியில் கூரையில்லாத திறந்த தளம், கார்கள் நிறுத்த. இரண்டு வீட்டுக்கு ஒரு கார் என்று விதி சொல்வதால் அத்தனை கார்களுக்கும் கோடு போட்டிருந்தது. நின்றது ஒரே ஒரு கார். அதுவும் யாரோ விருந்தாளியுடையது. மற்றபடி தரை காலியாக, ஈரமாக, நிழலில் கிடந்தது.

மேலே அண்ணாந்து பார்த்தாள். நாற்பது மாடி உயரத்தில் கண்ணாடிகள் ஒரு கோடாக மின்னின. நேர் கீழே அவள் நின்றாள்.

*

முதலில் அவளுக்குத் தோன்றிய தீர்வு மிகவும் அழகாக இருந்தது. வீட்டுக்கு ஒரு மணி என்பதை எடுத்துவிடலாம். பதிலாக ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பொதுத் தளம், நாள் முழுக்க முழு வெயில். கண்ணாடிகள் நேரே அங்கேயே அடிக்கும். பீரோக்களுக்கு அவற்றின் கண்ணாடி திரும்பக் கிடைக்கும்.

கோதண்டபாணியிடம் சொன்னாள். அவர் பிரணவிடம் சொன்னார். பிரணவ் உடனே அவளை அழைத்தார்.

"பிரமாதமான யோசனை மேடம். நாங்க மனுவ வாபஸ் வாங்கிடறோம். உங்க பேர்லயே போகட்டும்."

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் தமயந்தியை உறுத்தியது.

ஆணையத்தில் கட்டடங்களை யாரும் வரைவதில்லை. வரைவி என்ற மென்பொருள் வரையும். நிலத்தின் அளவையும் விதிகளையும் கொடுத்தால், அவற்றுக்குள் அடங்கும் மிக மலிவான கட்டடத்தை அது காட்டும். கட்டுகிறவர்களும் அதையே கட்டுவார்கள். விதியில் இல்லாத ஒரு செங்கல்லை அது வைக்காது. விதி கேட்கிற ஒன்றையும் விடாது. நெய்தலில் மீன் காயவைக்க இடம் இல்லாததற்கும், வராத கார்களுக்குக் கோடு போட்டிருப்பதற்கும் காரணம் அதுதான்.

அவள் தன் புதிய பிரிவை வரைவியில் போட்டாள். இரண்டாம் கட்டத்தின் நிலத்தைக் கொடுத்தாள்.

திரையில் கட்டடம் எழுந்தது. பொதுத் தளம் இருந்தது, வெயிலோடு. சந்து இல்லை. வீட்டுக்குள் வெயில் வர வேண்டிய தேவை போய்விட்டதால் சந்துக்கும் தேவை போய்விட்டது. இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொண்டன. உள்பக்க வீடுகளுக்குக் காற்றுக் குழாய் இருந்தது, ஜன்னல் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் பாதி வீடுகள் அப்படி.

ஒன்பதாம் மாடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரத்னாவின் வீட்டுக்கு இணையான இடத்தில் ஒரு கூடம். நான்கு சுவர். அந்த மனிதனை எங்கே உட்காரவைப்பது?

குடியிருப்புக்காரர்கள் வெயிலைச் சேர்த்தார்கள் என்பதை மட்டும் அவள் கணக்கில் எடுத்திருந்தாள். அது அவர்களுடையதாக இருந்ததால்தான் சேர்க்க முடிந்தது. ரத்னாவால் தரமாட்டேன் என்று சொல்லவும் முடிந்தது.

பிரிவை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மூன்று வாக்கியங்கள். வரைவியில் போட்டாள். திரையில் எழுந்த கட்டடத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதை மூடிவைத்தாள்.

*

விசாரணையில் தமயந்தி ஒரு தாளோடு எழுந்து நின்றாள். அதை மேசையில் வைத்துவிட்டாள்.

"என் முதல் யோசனைய நான் திரும்ப எடுத்துக்கறேன்."

பிரணவின் சிரிப்பு அப்படியே இருந்தது. புருவம் மட்டும் உயர்ந்தது.

"வீட்டுக்கு ஒரு மணி வெயில் இருக்கட்டும். அது அந்த வீட்டுக்குச் சொந்தம். வீட்டுக்காரங்க விரும்பினா, குடியிருப்புக்குள்ள எந்த இடத்துக்கு வேணும்னாலும், எந்த வீட்டுக்கு வேணும்னாலும், அன்னிக்கு மட்டும் அதத் தரலாம். மறுநாள் அது தானா அவங்க வீட்டுக்கே திரும்பிடும்."

"இவ்வளவுதானா?" என்றார் விசாரணையை நடத்திய கோதண்டபாணி.

"இவ்வளவுதான் சார். சென்சார் வீட்டுக்குள்ள வந்த வெயில மட்டும் எண்ணக் கூடாது. அவங்க தந்ததையும் அவங்களுக்குக் கிடைச்சதா எண்ணணும்."

பிரணவ் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லா இருக்கு. ஆனா வசதியுள்ளவன் வசதியில்லாதவன்கிட்ட வாங்கிப்பானே மேடம்? ஒரு வருஷத்துல பாதி வீடு இருட்டாயிடும். அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

அது நியாயமான கேள்வி. அதற்கு அவளிடம் பதில் இருந்தது.

"ஒரு நாளைக்குத்தான் சார் வாங்க முடியும். மறுநாள் வேணும்னா திரும்பப் போய்க் கதவத் தட்டணும். அடுத்த நாளும் தட்டணும். வருஷத்துக்கு எழுதி வாங்கினா செல்லாது. தினமும் கேக்கணும்னா, கேக்கறவனுக்குக் கூச்சம் வரும். தர்றவங்களுக்கு மாட்டேன்னு சொல்ல தினமும் ஒரு வாய்ப்பு வரும்."

கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இத எழுதினப்போ வெயிலுன்னா ஆரோக்கியம்னு நெனச்சேன். ஒரு மாத்திரை மாதிரி, தினம் ஒண்ணு. அதுக்கு வேற வேலை இருக்குன்னு தோணல." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மூணாவது பிளாக்ல மீன எங்க காய வைப்பாங்க?"

"கார் தளத்துல. நேர் கீழ இருக்கு, மேலேர்ந்தே அடிக்கலாம். பதினஞ்சாம் மாடி இன்னிக்கே காலியாகணும். அதுல எனக்குச் சமாதானம் கிடையாது."

"கார்?"

"ஒண்ணு இருக்கு சார். ஓரமா நிறுத்தச் சொல்லலாம்."

கோதண்டபாணி சிரித்துவிட்டார். மனு தள்ளுபடியானது. புதிய பிரிவை அந்த பிளாக்கில் உடனே நடைமுறைப்படுத்தவும், இரண்டாம் கட்டத்தின் வரைபடத்தில் சேர்க்கவும் உத்தரவு போட்டார்.

அன்று மாலை தமயந்தி நெய்தலுக்குப் போனாள். சகாயமேரி கார் தளத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று சுற்றிப் பார்த்தாள். தரையில் கார்களுக்குப் போட்ட மஞ்சள் கோடுகள்.

"கோடு போட்டே குடுத்துக்கீறாங்க," என்றாள். "ஆளுக்கு ஒரு கட்டம். சண்டை இல்ல."

"எஸ்தருக்கு அரைக் கட்டமா?" என்று கேட்டாள் தமயந்தி.

"இவளயும் பேச வச்சிட்டியே எஸ்தர்!" சகாயமேரி தமயந்தியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். மீன் வாசனை அந்தச் சட்டையை விட்டு இரண்டு சலவைக்குப் போகவில்லை.

*

மழைக்காலத்துக்கு முன்னால் பிரணவ் கூப்பிட்டார். சிரிப்பு குரலில் இல்லை.

"மேடம், ரெண்டாம் கட்டத்துக்கு வரைவி படம் கொடுத்திருக்கு. பாத்தீங்களா?"

"சொல்லுங்க."

"எந்த ஜன்னல் வெயிலும் எந்த இடத்துக்கும் போகலாம்னு எழுதிட்டீங்க. நாலு மீட்டர் சந்துல அதுக்குக் கோணமே கிடைக்கலயாம். எல்லா வழியும் முயற்சி பண்ணிட்டுச் சந்த அகலமாக்கிடுச்சு. பன்னெண்டு மீட்டர். இந்த உயரத்துக்குப் பழைய விதி கேட்ட அகலம். பாதி வீட்டுக்குக் கண்ணாடியே வேண்டாம், வெயில் தானா வந்து விழுது."

"வீடுகள் குறையுதா?"

"இல்ல. மேல ஆறு மாடி ஏத்தியிருக்கு. அன்னிக்கு விசாரணைக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க இத வரைவியில போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லவே இல்லயே."

"நீங்க கேக்கல சார்."

அவர் வைத்துவிட்டார். தமயந்தி கைபேசியை மேசை மேல் வைத்துவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தாள்.

புதிய பிரிவு மெல்ல மற்ற குடியிருப்புகளுக்கும் வந்தது. பெரம்பூருக்கும்.

ஒரு விடுமுறை நாள். தமயந்தி வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு மணி ஆகப்போகிறது. முதல்முறையாகத் தன் வெயிலைப் பார்க்கப்போகிறோம் என்று நாற்காலியை ஜன்னலுக்கு எதிரில் இழுத்துப் போட்டிருந்தாள்.

கைபேசி ஒலித்தது. அதே கட்டடம், எதிர்ப் பக்கம், நான்காம் மாடி. பெயர் தெரியாத வீடு.

'உங்கள் வெயில் கிடைக்குமா? சின்னவன் மெத்தையை நனைத்துவிட்டான். இன்றைக்கு மட்டும்.'

அடியில் இரண்டு பொத்தான்கள். தருகிறேன். இன்று இயலாது.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு முதல் பொத்தானை அழுத்தினாள்.

மேலே எங்கோ ஒரு கண்ணாடி திரும்பியிருக்க வேண்டும். அவள் ஜன்னலைத் தொடாமல் வெயில் சந்தில் இறங்கியது. தமயந்தி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். குடிவந்ததிலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை. கொண்டி இறுகியிருந்தது.

எதிரே, இரண்டு மாடி கீழே, ஜன்னல் கம்பியில் ஒரு மெத்தை தொங்கியது. பூப்போட்ட உறை. நடுவில் பெரிதாக ஒரு ஈர வட்டம், ஊருக்கே தெரிகிற மாதிரி. அதன் மேல் வெயில் சரியாக விழுந்தது.

மெத்தைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். வெயில் யாருடையது என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள்.

தமயந்தி கையைத் தூக்கிக் காட்டினாள்.